ஒன்பதாவது தொட்டி

எல்லாத் தொட்டியிலும் தட்டைப்பயறு.
லீ பஜாரில் வாங்கிய ஒரே பை விதை,
ஒரே கூடை மண்.
ஐந்து ரோடு மேம்பாலத்தடியில் ஒன்று வைத்தேன்,
தட்டுவடை செட் போடுகிற பையனிடம்
தினம் ஒரு சொம்பு ஊற்றச் சொல்லி.
ஜங்ஷனில், கொண்டலாம்பட்டி பைபாஸில்,
கருப்பூர் வெள்ளைக்கல் மேட்டுக்கு எதிரில்,
இப்படியே ஏழு.
மிச்சம் இரண்டும் ஏற்காட்டு மலைப்பாதையில்.

கல்லூரியில் கேட்டது ஒரே கேள்விதான்:
எங்கே இலை அதிகம் கெடுகிறது?
விதை ஊன்றிய அன்றே நோட்டின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிக்கொண்டேன்:
ஐந்து ரோடு.

ஐந்து ரோட்டுத் தொட்டியில்
கரி ஒரு விரல் படிந்திருந்தது.
முந்தானையால் துடைத்தேன்.
அடியில் பச்சை,
எண்ணெய் தேய்த்துக் குளித்த முகம்போல.

ரப்பரை எடுத்தேன்.

கண்ணங்குறிச்சியில், மூக்கனேரிக்கு இப்பால்,
மாதையனின் பாத்தியோரத்தில் ஏழாவது.
நரம்பு தப்பி,
நரம்புக்கு நரம்பு நடுவிலெல்லாம்
ஊசி நுனியால் குத்திக் குத்தி
வெண்கலப் பொடி தூவினாற்போல் புள்ளி.
மேல்பக்கம் மட்டும்.
திருப்பினால் ஒன்றுமில்லை.
அவர் கீரைக்கு இரண்டு தரம் மருந்தடித்தாயிற்று,
கடைக்காரர் மூன்றாவது பாட்டிலையும்
கணக்கில் எழுதிக் கொடுத்தாராம்.
"பூச்சின்னா மேஞ்ச தடம் இருக்கணும்ல?
இது எதும்மா, வந்ததும் தெரியல
போனதும் தெரியல?"

ஓசோன் என்றேன்.
"அது மேல வானத்துல ஓட்டையாயிருக்குன்னு
சொன்னாங்களே, அதுவா?"
அதேதான். இது கீழே முளைப்பது.

காலையில் ஊர் விட்ட புகை
வெயிலில் ஊறி ஊறி
மதியத்துக்குமேல் வேறொன்றாகிவிடுகிறது.
நிறமில்லை.
ஊருக்குள்ளேயே சுற்றினால்
புதிதாக வரும் புகை அதைத் தின்றுவிடும்.
காற்று தள்ளிக்கொண்டு வந்து
சேர்வராயன் அடிவாரத்தில் சேர்க்கிறது.
மலையில் புகை குறைவு,
அதனால் அதைத் தின்ன ஆளில்லை.

விடுதிப் பலகையில் எழுதியிருக்கிறார்கள்,
நல்ல காற்றுக்கு வாருங்கள் என்று.
பொய்யென்றும் சொல்ல முடியாது.
நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன்,
மிளகுக்கொடி வாசம்.

எட்டாவது தொட்டி
காப்பித் தோட்டத்து நாற்றங்காலில்.
அறுபத்துமூன்று இலை,
நாற்பத்தெட்டில் புள்ளி.
அடியிலைகள் தொட்டதும் கையோடு வந்தன.
பார்த்துக்கொண்ட வெள்ளச்சி
கையைப் பிசைந்தபடி சொன்னாள்,
"ஒரு நாள்கூட தண்ணி விடாம இருந்ததில்லீங்க."

அதனால்தான் என்று எப்படிச் சொல்வேன்?
இலைக்கு அடியில் ஆயிரம் வாய்.
தண்ணீர் கிடைத்த செடி
பயமில்லாமல் எல்லாவற்றையும் திறந்துவைக்கிறது,
வெயிலேறி, அது வந்து நிற்கிற நேரத்திலும்.
"உன் தப்பு இல்லை" என்றேன்.
அவள் நம்பவில்லை.

பன்னிரண்டாவது வளைவில்
தீர்த்தகிரியின் கடை சாத்தியிருந்தது.
தங்கை பிரசவத்துக்கு ஆத்தூர் போனவர்
பதினொரு நாளாகத் திரும்பவில்லையாம்.
இடையில் ஒரு தூறல், அவ்வளவுதான்.
கைப்பிடிச் சுவரோரம் ஒன்பதாவது தொட்டி:
விரல் நீளச் செடி,
வெடித்த மண்,
கைகூப்பியதுபோல் மடிந்த இலைகள்.
ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.
ஒரு புள்ளி இல்லை.
ஒரு பூவும் இல்லை.

நோட்டில் 'சேதம்' என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
இல்லை என்று எழுதினால் சரிதான்.
வாயை மூடிக்கொண்டு தப்பித்ததை எழுத
அதில் கட்டம் இல்லை.

மணி இரண்டரை.
கீழே சேலம்
தகரம் காய்வதுபோல் கிடந்தது.
பையில் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது.
இந்த நேரத்தில் கூடாது என்று
எனக்குத் தெரியும்.

ஊற்றினேன்.
மண் சர்ரென்று குடித்தது.
பதினோராவது வளைவில்
ஏற்காடு பஸ்
முதல் கியருக்கு மாறும் சத்தம்.